நாக்கு சொன்ன பூ

அண்ணி: இது வேப்பம்பூத் தேன். எழுதிக்கோ.

நாத்தனார்: அதுக்குள்ளயா! ஸ்பூன் வாய்க்குள்ள போனதே எனக்குத் தெரியல.

அண்ணி: இதுல என்ன பெரிய வித்தை? நிறத்தப் பாரு, டிகாஷன் மாதிரி. கடைசியில நாக்குல லேசா ஒரு கசப்பு. வேப்பம்பூவத் தவிர வேற யாரு இத செய்வா?

நாத்தனார்: கசந்துகிட்டே இனிக்குதா... எங்கம்மா பேச்சு மாதிரின்னு சொல்லுங்க.

அண்ணி: என் மாமியார நான் சொல்வேனா? நீதான் சொன்ன! முதலாளி வர்றதுக்குள்ள எல்லா டின்னுக்கும் பேர் ஒட்டணும். அந்த வெள்ள டின்ன எடு.

நாத்தனார்: இது நெய் மாதிரி ஒறஞ்சு கெடக்கு அண்ணி. கெட்டுப்போச்சோ?

அண்ணி: அதெல்லாம் ஒண்ணும் கெடல. கடுகுப்பூத் தேன் எடுத்த கொஞ்ச நாள்லயே ஒறஞ்சிடும். விரல்ல தேய்ச்சுப் பாரு, மாவா கரையும்.

நாத்தனார்: அதே பெட்டி, அதே தேனீ... போற தோட்டம் மாறினா நிறம், ருசி எல்லாமே மாறிடுது. அதவிட அதிசயம் நீங்கதான்!

அண்ணி: ஐஸ் வைக்காத. என்ன, மூக்க உறிஞ்சற?

நாத்தனார்: தூசி... இந்தாங்க, கடைசி ரெண்டு. ஒண்ணு எலுமிச்சந்தோப்புல எடுத்தது, ஒண்ணு கொத்தமல்லித் தோட்டத்துல. எது எதுன்னு தெரியாம டிரைவர் கலந்து இறக்கிட்டாரு.

அண்ணி: ரெண்டும் ஒரே நிறமால்ல இருக்கு...

நாத்தனார்: ஆமா. அதே வெளிர் மஞ்சள்.

அண்ணி: ம்... மூடியத் தொறந்தியா?

நாத்தனார்: தொறந்தேன்.

அண்ணி: தொறந்து...?

நாத்தனார்: தொறந்து வச்சிருக்கேன்.

அண்ணி: நேத்து யூகலிப்டஸ் டின்னுக்கு 'அய்யோ, சளி மருந்து வாசன'ன்னு ஊரையே கூட்டின. இன்னிக்கு என்ன, வாய்க்குப் பூட்டா?

நாத்தனார்: நாள் பூரா தொணதொணக்கறேன்னு நீங்கதானே திட்டினீங்க!

அண்ணி: அதுக்காக... இப்படி ஊமையாவா நிப்ப?

நாத்தனார்: வண்டி சத்தம் கேக்குது... முதலாளி வந்துட்டாரு! சீக்கிரம் அண்ணி. உங்களுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவரு இதே ரெண்டுலதான் பேர மாத்தி எழுதி...

அண்ணி: வேலை போச்சு. தெரியும்டி, பயமுறுத்தாத! தண்ணி குடு... இன்னொரு ஸ்பூன்... இது வழவழன்னு எறங்குது, முடிவுல துளி புளிப்பு. அது... இரு... தொண்டையில லேசா சுருக்குங்குது. இது எலுமிச்சை. அது கொத்தமல்லி.

நாத்தனார்: ஒட்டிரவா?

அண்ணி: ...ஒட்டு.

முதலாளி: முடிஞ்சுதாம்மா? எங்க, பாப்போம்... அடடா! எலுமிச்சந்தோப்பே டின்னுக்குள்ள இருக்கு. இது... ஆமா, கொத்தமல்லியேதான்! பேரப் பாத்த பிறகுதான் எனக்கே பிடிபடுது. போன தடவ இத மாத்தி ஒட்டி நாப்பது டின் திரும்பி வந்துச்சு. உங்க நாக்கு இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல. வண்டியில ஏத்தச் சொல்லிட்டு வரேன்.

அண்ணி: போயிட்டாரா?

நாத்தனார்: போயிட்டாரு.

அண்ணி: உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... அந்தக் காய்ச்சல் வந்ததுலேருந்து மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியலடி. இனிப்பு தெரியுது, கசப்பு தெரியுது... பூ தெரியல. நீ மூடியத் தொறந்துட்டு ஒளறறத வச்சுதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: என்னது?

நாத்தனார்: பால் தீஞ்சு வீடே நாறினப்ப அடுப்புகிட்டயே நின்னு பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தீங்களே... அன்னிக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் நான் வாயாடி ஆனேன்.

அண்ணி: அடிப்பாவி... அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்டி என்னக் கைவிட்ட?

நாத்தனார்: கைவிடல அண்ணி. காலையிலேருந்து ஜலதோஷம், எனக்கு எந்த வாசனையும் ஏறல. சொன்னா பயந்துருவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்... இன்னிக்கு சொன்னது அத்தனையும் நீங்களே கண்டுபிடிச்சது.