தெரிந்த முகம்

“நான் ஒவ்வொரு நாளும் கமராவுக்குக் கை காட்டிறனான், அக்கா.”

நத்தார் விடுமுறை. ரூஜ் பக்கம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவர் ஊதாக் கோட்டுக்காரி.

“ஆருக்கு?”

“மகனுக்குத்தான். குடும்பமா மெக்சிகோ போயிட்டான். வாசலிலை பார்சல் கிடந்தா கள்ளர் வருவினமாம், எடுத்து உள்ளை வைச்சு லைற்றைப் போட்டுவிடுங்கோ எண்டு வீட்டுத் திறப்பைத் தந்தவன். வாசல் கதவிலை கமரா வைச்சிருக்கிறான்; ஆர் வந்து நிண்டாலும் அவன்ர போன் அடிக்கும். உடனை கமராவுக்குள்ளாலை, ‘அம்மா, சாப்பிட்டியளோ?’ எண்டு கேப்பான்.”

“இஞ்சை நிக்கேக்கை கேக்கிறவனோ?”

“அவனுக்கு எங்கை நேரம்?”

ஊதாக் கோட்டுக்காரி கைப்பையிலிருந்து திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நேற்று அவன்ர சத்தத்தைக் காணேல்லை. பிறகு போன் எடுத்துக் கேட்டன். கமராவுக்கு என்ர முகத்தைப் பழக்கிப்போட்டானாம். இனித் தெரியாத ஆக்கள் வந்தாத்தான் போன் அடிக்குமாம்.”

அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. எழுந்து நின்று, கழுத்துச் சால்வையை மூக்குக்கு மேலே இழுத்து, கண்கள் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டார்.

“வெளியிலை அவ்வளவு குளிரில்லையே, பிள்ளை.”

“குளிருக்கில்லை அக்கா. இண்டைக்கு அவன்ர போன் அடிக்கட்டும்.”