மீசை ராஜாவுக்குப் பல்பொடி

வெள்ளியைப் பல்பொடி போட்டுத் தேய்க்காத வீடு காரைக்காலில் உண்டா, இன்ஸ்பெக்டர் தம்பி? உங்கள் வீட்டுக் குங்குமச் சிமிழும் அப்படித்தான் பளபளக்கிறது. நானும் தேய்த்தேன். அதற்குப் போய் ஜீப் அனுப்பியிருக்கிறீர்கள்.

ரிஃபாய் என் உயிர் நண்பர். பழைய இத்தாலி வெள்ளிக் காசு சேர்ப்பதில் ஆசியாவிலேயே நாங்கள் இரண்டு பேர்தான். அவருடைய முப்பாட்டனார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்தார். இத்தாலியின் ஐந்து லிராவும் பிரெஞ்சு ஐந்து பிராங்கும் ஒரே எடை, ஒரே அகலம். அப்படிப் பிராங்கோடு பிராங்காக ஓர் ஐந்து லிராக் காசு ஊர் வந்து சேர்ந்தது. 1861, இத்தாலி ஒரே நாடான வருஷத்துக் காசு. அதில் பொறித்த மீசை ராஜாவின் முகம் முழுக்க நூற்றறுபது வருஷக் கறுப்பு. அந்தக் கறுப்புதான் அதற்கு மதிப்பு. தேய்த்தால் கொலுசுக் கடைக்குத்தான் ஆகும்.

விலைக்குக் கேட்டேன். "நான் மௌத்தானப்புறம் பாத்துக்கலாம்யா" என்று தன் சாவைச் சொல்லிச் சிரித்தார். நண்பர் வாக்கை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

பைபாஸ் ஆன நெஞ்சு, அதிர்ச்சி ஆகாது என்று அவர் மனைவி ஜன்னத் என்னிடம் சொல்லியிருந்தார். பயனுள்ள தகவல்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் ஒருவர் காசு மற்றவர் வீட்டில் ஒரு வாரம் விருந்தாளியாகத் தங்கும். இந்தப் பொங்கலுக்கு 1861 என் வீட்டில். அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, என்னுடைய 1876ஐ எடுத்துக்கொண்டேன். அதே ராஜா, அதே மீசை, அதே கறுப்பு. ஆனால் அம்பகரத்தூர் சந்தையில் கூறு கட்டி விற்கலாம், அவ்வளவு மலிவு. ரிஃபாயை டீக்கு அழைத்தேன். அவர் வாசல்படி ஏறும்போது தேய்க்க ஆரம்பித்தேன்.

"யோவ் புகழேந்தி, என்னய்யா பண்றீங்க?"

"ஒரே அழுக்கு பாய். புதுசாக்கித் தர்றேன்."

"யா அல்லா... விடுங்கய்யா, செத்துடும்யா அது..."

செத்துடும் என்று காசைத்தான் சொன்னார். கை நெஞ்சுக்குப் போயிற்று. நான் நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு கை கழுவி, துடைத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஈரக் கையால் போனைத் தொடக்கூடாது.

ஜன்னத் அந்தத் தேய்த்த காசையே ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் பஹீமா அதில் வருஷத்தைப் படித்துவிட்டாள். படித்த பிள்ளை. அப்படித்தான் உங்கள் ஜீப் வந்தது.

ஆனால் அதற்கு முன்னால், அவர் இறந்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதலில் ஜன்னத் என்னிடம் சொன்னார்: "அந்தக் காச உங்களுக்கே குடுத்துடறதா சொல்லிட்டுத்தாண்ணே அன்னிக்கு உங்க வீட்டுக்குக் கெளம்புனாரு."

எனக்கு ரிஃபாய் மேல் சரியான கோபம். என்ன நட்பு இது? வாசலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, தம்பி. தன் உயிரைப் பற்றி அந்த மனுஷருக்கே அக்கறை இல்லையென்றால் நான் மட்டும் என்ன செய்ய முடியும்?