நொச்சி ஒத்தடம்

கிட்ட வந்து உட்காருங்கள் வக்கீலம்மா. அங்கே ஃபேன் காற்று வராது, தகரமும் கொதிக்கும். கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள், முதலில் இந்த மோரைக் குடியுங்கள். கலைச்செல்வன் கதையைத்தானே கேட்க வந்தீர்கள்? பாதியில் எழுந்து போகமாட்டீர்கள் என்றால் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்டாக இருந்தார். அவர் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் புறம்போக்கில் இந்த இட்லிக் கடையைப் போட்டேன். இந்த வரிசையில் இருந்த கடைகளை எல்லாம் இடித்துவிட்டார்கள். என்னுடையது மட்டும் நிற்கிறது. நான் ஒரு பைசா கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

எனக்கு ஒத்தடம் கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான். நொச்சி இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கி, துணியில் கட்டி, தோல் பொறுக்கும் சூட்டில் வைக்க வேண்டும். லத்தி பட்ட இடம் முதலில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். பிறகு பச்சை, பிறகு மஞ்சள். என் கை பட்டால் மஞ்சள் சீக்கிரம் வந்துவிடும். அதற்கப்புறம் அந்த உடம்பு யாரிடமும் எதுவும் சொல்லாது.

சிலரை எழுத்தில் காட்டாமல் கூட்டி வந்து விசாரிப்பார்கள். வெளியே விடுகிற அன்று ஏட்டு வேணு இங்கே வந்து, புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

"சாமிம்மா, ஒரு பார்சல் வருது. ஒத்தடம் கொஞ்சம் எக்ஸ்ட்ரா."

கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அவருக்கு இன்னொரு அப்பளம் வைப்பேன்.

கலைச்செல்வன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் வேலை. செப்புக் கேபிள் காணோம் என்று தூக்கி வந்தார்கள். எடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி வெண்மதி ஆட்டோவோடு நின்றாள். செருப்புக்குள் அவன் கால் போகவில்லை. உள்ளங்கால் எண்ணெயில் உப்பின பூரி மாதிரி இருந்தது. கைலியில் மூத்திரமும் ரத்தமும் சேர்ந்து காய்ந்த நாற்றம்.

"நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் அவள். "போலீஸ் அடிச்சதுன்னு டாக்டருங்க எழுதுவாங்களாம். அத்த வச்சிகினு கோர்ட்டுல மனு குடுக்கலாம், மனித உரிமை கமிஷனுக்குப் போலாம், நஷ்டஈடும் கேக்கலாம்னு எங்க மலர்விழி அக்கா சொல்லிச்சி. வக்கீலு கூட இனாமா வச்சித் தருவாங்களாமே."

அந்த மலர்விழி யாரோ, விவரமானவள். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"எல்லாம் போலாம் கண்ணு. பச்சத் தண்ணி எறங்காதவன ஆட்டோவுல போட்டு குலுக்குவியா? நாலு வாய் கஞ்சி குடிக்கட்டும். கமிஷனுக்கு ஒரு வருசம் டைம் இருக்குது."

ஒரு வருடம் இருப்பது உண்மை. வீக்கத்துக்கு அவ்வளவு நாள் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இந்தப் பின்னறையில்தான் படுக்க வைத்தேன். செல்போனில் போட்டோ எடுக்கப் போனாள். "புருஷன் அம்மணமா கெடக்கறத ஊருக்கே காட்டப் போறியாடி" என்று கேட்டேன். வெட்கப்பட்டுப் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் "இன்னிக்குப் போலாமா சாமிம்மா" என்பாள். "நொண்டிகினு போனா குடிச்சிட்டு வுழுந்தான்னு எழுதிடுவாங்க, நடக்கட்டும்" என்பேன். அவன் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான். நானும் பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தேன்.

கால் வீக்கம் வற்றியது. ஆனால் மூத்திரம் குறைந்துவிட்டது. வந்த கொஞ்சமும் காபி டிகாஷன் மாதிரி இருந்தது.

அந்த நிறம் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் சிலம்பரசன் என்று ஒரு பையன், அவனுக்கும் அப்படித்தான் வந்தது. அவன் அம்மா கண்ணகி என்னைக் கேட்காமல் புதுச்சேரிக்குத் தூக்கிப்போய்விட்டாள். அடிபட்ட சதை கரைந்து கிட்னியில் இறங்கிவிட்டது என்றார்களாம். ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்க வைத்தார்கள். பையன் இப்போது திருவதிகையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஆனால் டாக்டர் எழுதியது நேராகக் கோர்ட்டுக்குப் போய், ஒரு போலீஸ்காரருக்கு வேலை போயிற்று. அந்த மாதம் முழுக்க வேணு இங்கே சாப்பிட வரவில்லை. யாரோ வந்து என் சுவரில் சிவப்புப் பெயின்டால் இடிக்கிறதற்கான குறி போட்டுவிட்டுப் போனார்கள். இதோ, காலண்டரைத் தூக்கிப் பாருங்கள், இன்னும் இருக்கிறது.

அதனால் வெண்மதி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அவன் மூத்திரம் பிடித்து வைத்திருந்த பாத்திரத்தைச் சாக்கடையில் கொட்டினேன். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவள் வந்ததும், "ஒடம்பு சூடு, வேறொண்ணுமில்ல, எளநி குடு" என்றேன். இளநீரை நானே வெட்டிக் கொடுத்தேன். கிட்னி போனவனுக்கு இளநீர் கொடுத்தால் நெஞ்சு நின்றுவிடும், ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னதைக் கண்ணகி என்னிடம் சொல்லியிருந்தாள். மறக்கவில்லை. அவன் ஆசையாகக் குடித்தான். இன்னொன்று கேட்டான். அதையும் வெட்டினேன்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டான். மாரடைப்பு என்று நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். போஸ்ட்மார்ட்டம் வேண்டுமென்று அவன் அண்ணன் கத்தினான். "செத்தவன் வயித்த கிழிச்சி கூறு போடணுமா" என்று வெண்மதியிடம் அழுதேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மஞ்சள் தேய்த்து நானே குளிப்பாட்டினேன். கன்றின அடையாளம் ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெண்மதி இன்றைக்கும் பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறாள்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியதற்கும் ஒத்தடம் கொடுத்ததற்கும் எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மோரைத் தொடவே இல்லையே தாயி. பரவாயில்லை. உங்கள் வீட்டு விளக்கு நின்று எரியட்டும். புருஷன் பிள்ளைகள் மேல் ஒரு தூசு படாமல் இருக்கட்டும். தப்பித் தவறி யாருக்காவது அப்படி ஓர் அடி பட்டுவிட்டால் ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று ஓடாதீர்கள். முதலில் என்னிடம் கூட்டி வாருங்கள்.