கோடா, தூசா?

எனக்குச் சர்க்கரை போடாத டீதான் ஒத்துக்கொள்ளும், இன்ஸ்பெக்டர் அம்மா. இது பாயசம் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

கள்ளிக்குப்பத்தில் என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். புளுகன் என்று சொல்லியிருப்பார்கள். நிலாவில் அம்பத்தூர் ஏரியின் நிழல் தெரிகிறது என்று சொல்லி ஒரு கல்யாண வீட்டையே மொட்டை மாடிக்கு ஏற்றியவன் நான். மாப்பிள்ளையே தெரிகிறது என்றார்.

ஆனால் அந்தக் கோடு புளுகு இல்லை. நட்சத்திர வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்துப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. ஒரு நட்சத்திரத்தின் வானவில்லில், இருக்கக் கூடாத இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரோ ஒரு பேராசிரியர் போன் போட்டு, ஐயா என்று பேசினார். மருமகள் ரேவதி நான் சொன்னதை முதல் தடவையாக நம்பி, ஸ்டேட்டஸ் வைத்தாள்.

துலுக்கானம் மட்டும் சிரித்தான். என்னோடு சேர்ந்து வானம் பார்க்கிற கூட்டாளி.

"மாமே, கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேமராவுல தூசு குந்திக்கினு கீது. பிளாட் எடுத்தியா நீ?"

எடுக்கவில்லை. பிளாட் பெரிய வித்தை இல்லை. விளக்கு வெளிச்சம் சீராக விழுகிற வெள்ளைத் துணியை அதே கருவியால் படம் எடுப்பதுதான். துணிக்குக் கோடு கிடையாது. அந்தப் படத்திலும் கோடு விழுந்தால் அது தூசு. நட்சத்திரப் படத்தை அதனால் வகுத்தால் கோடு காணாமல் போய்விடும்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளை வேட்டியும் விளக்குமாக வந்துவிட்டான். "இன்னிக்கு உன் கோட்ட வகுத்து, குரூப்புல போட்டு வுடறேன் பாரு."

என் மாடியில் கட்டட வேலை நடக்கிறது. கிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தது நான்தான். அங்கேதான் இடம் இருந்தது.

அவன் தொலைநோக்கிக்கு எதிரே, வேட்டியை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

"வெளிச்சம் சமமா வுழல. கொஞ்சம் பின்னாடி போ."

"துணி கிட்ட இருந்தாத்தான மாமே நல்லது?"

"படத்தப் பாத்துகினு கீறது நீயா, நானா?"

போனான்.

"இன்னும் கொஞ்சம்."

"போதுமா? கை வலிக்குது, கெய்வா."

"இன்னும் கொஞ்சம்."

துணி கிட்டே இருந்தால்தான் நல்லது. அவன் சொன்னது சரி. ஆனாலும் நான் சொன்னால் கேட்பான், அப்படிப்பட்ட மனிதன். முகம் துணிக்குப் பின்னால் இருந்ததும் ஒரு வகையில் சௌகரியம்.

சத்தம் பெரிதாக இல்லை. நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டி, வேட்டி மட்டும் மேலேயே நின்றது. நான் உடனே கீழே ஓடவில்லை. ஷட்டர் திறந்திருந்தது. படம் முடிகிறவரை மாடியில் நடமாடக் கூடாது, கருவி அதிரும்.

அவனை நான் கையால் தொடவில்லை, வாயால்தான் தள்ளினேன். கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கோடு தூசு என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள், அம்மா. பாதியில் அவன் அசைந்துவிட்டதால் பிளாட் கெட்டுப்போனது. தூசு என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.