மேடை ஏறிய கடிதம்

ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. சிரிப்பு வர்ற கதை இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன்...

இருபத்தஞ்சு வருஷம் முன்னால, எங்க ஊர்ல அமலோற்பவம்னு ஒரு பொண்ணு. முருங்கைக்காய் மண்டியில கட்டு கட்டுற வேலை. விடிஞ்சா தேரிக்காட்டுச் செம்மண்ணுல ஓடுவா. கோச்சும் கிடையாது, நல்ல ஷூவும் கிடையாது. கிராஸ் கன்ட்ரின்னு ஒரு ஓட்டம் இருக்குல்ல... மேடு, பள்ளம், சேறு எல்லாம் தாண்டி ஓடணுமே, அதுல அகில இந்தியப் போட்டியில நாலாவதா வந்துட்டா!

இந்திய டீமுக்குக் கூப்பிட்டுக் கடுதாசி வருது. எங்க வருது? ஜில்லா தடகளச் சங்கத்துக்கு. செயலாளர் தர்மசீலன் பிரிச்சார். முதல் தாள்ல ‘தேர்வு’ங்கிற சேதியைப் பார்த்தாரு... துள்ளிக் குதிச்சாரு. ரெண்டாவது தாளைப் புரட்டினாரா? இல்லையே!

"மூச்சு விடாதீங்கப்பா! விழா வச்சு, மேடையில குடுப்போம்!"

நல்ல மனுஷன்தான். ஆனா சிறப்பு விருந்தினர் தேதி குடுக்கணுமே? இன்னிக்கி, நாளைக்கின்னு பதினெட்டு நாள் இழுத்துச்சு. அந்தப் பொண்ணு நடுவுல மூணு தடவை வந்து கேட்டா.

"சார்... சேதி ஏதும் வந்துச்சா சார்?"

"வரும்மா, வரும். பொறுமையா இரு!"

கடுதாசி எங்க இருக்கு? அவர் மேஜை டிராயர்ல!

பதினாலாம் தேதி விழா. மாலை, பொன்னாடை, வேட்டு. கடுதாசியைக் கையில குடுத்தாங்க. பொண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருது. ரெண்டாவது தாளைப் புரட்டினா... முகம் செத்துப் போச்சு.

"சார்... பன்னெண்டாம் தேதிக்குள்ள பெங்களூர் முகாமுக்கு வரணும்னு போட்டிருக்கு சார்."

"அதெல்லாம் நான் பேசிக்கிறேம்மா. போட்டோ எடுக்கிறாங்க, சிரி!"

சிரிச்சாய்யா. அவ சிரிச்சா.

மறுநாள் முகாமுக்குப் போன் போட்டாரு. "அவங்க வரலைன்னு வேற பொண்ணை எடுத்தாச்சு சார்"னு சொல்லி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அமலோற்பவம் ஓடவே இல்ல. எவ்வளவோ பேர் போய்ச் சொன்னோம். "எதுக்கு?"ன்னு கேட்டா.

அந்த மேடையில வாழ்த்திப் பேசினது யாரு தெரியுமா? நான்தான். இருபது நிமிஷம் பேசினேன், வெட்கமில்லாம. ‘அந்தத் தாளைக் கொடும்மா, பாப்போம்’னு கேக்கத் தோணல.

சங்கம் நடத்துற பெரியவங்களே, பள்ளிக்கூடம் நடத்துறவங்களே... நீங்க பாராட்டுறது அவங்களுக்காகவா, உங்களுக்காகவா? அவங்க ஜெயிச்ச சேதியை அவங்ககிட்டச் சொல்ல ஒரு விருந்தினர் வரணுமா? உங்க டிராயர்லயும் யார் பேருக்கோ வந்த காயிதம் கிடக்கும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுத்துட்டுப் போங்கய்யா. மாலையை அப்புறமா வாங்கிக்கலாம்.