சிவப்பு வண்டிக்கு ஜீப் என்ஜின்

சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் ஸ்பானரைக் கையால் பிடிக்க முடியாது, ஐயா. அதனால் அந்த மாதம் முழுக்க விடிந்ததும் பட்டறையைத் திறந்துவிடுவேன். சிவப்பு வண்டியின் வேலையையும் அப்படித்தான் முடித்தேன். பதினெட்டுக் காலைகள் ஆயின.

என் பெயர் இருசப்பன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டினால் என் பட்டறை. வேதா என் தங்கை. அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. தலை பின்னக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்ற பயம். பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரம் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூர் தசரதனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். நல்ல பையன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இருவரும் எனக்கு அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். தினமும் சாயங்காலம் வேதா குழம்பு கொண்டுவந்து கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அந்த வண்டி ஒரு பிரெஞ்சுக்காரரின் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. அவர் நாட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்தாராம். இங்கே வந்ததும் என்ஜின் போய்விட்டது. அதற்குச் சாமான் எங்கும் கிடைக்காது. திரும்பிப் போகும்போது தசரதனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். எழுபத்தொன்பதில் ஒரு நாள் அதை மாடு கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மெட்ராஸ்ல ஓட்டல் வேலை கிடைச்சிருக்கு மச்சான். அடுத்த மாசம் வேதாவ கூட்டினு போறேன்."

"உங்க கூட அனுப்பறதுல ஒண்ணுமில்ல மாப்ள. அவ அங்க இருக்க மாட்டாளே."

"அதுக்குத்தான் இந்த வண்டி. பஸ்ஸ நம்பினா ஒரு நாள் பொழுது போயிடும். பெரிய என்ஜினா போட்டுக் குடுங்க, மூணு மணி நேரத்துல வந்துடுவோம். வாரா வாரம் உங்கள பாத்துட்டு போவா."

வாரத்துக்கு ஒரு நாள். சரி என்றேன்.

நசுங்கிப்போன ஒரு ஜீப்பின் என்ஜினை எடுத்தேன். முன்பக்கத் தகட்டை வெட்டி, என்ஜினைத் தாங்கும் இரும்புகளைப் புதிதாக வெல்டு வைத்து உட்கார வைத்தேன். பழைய என்ஜினைவிடப் பலம் ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி. அந்த வேகத்தையும் எடையையும் பழைய பிரேக் தாங்காது, பெரிய டிரம் வேண்டும் என்று நானே தசரதனிடம் சொன்னேன். அவன் மெட்ராஸ் போய் வாங்கி, சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தான்.

அவற்றை நான் பூட்டவில்லை.

பழைய டிரம்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்த்தால் புதுசு மாதிரி இருந்தன. அதற்குப் பிறகும் ஒரு சந்தேகம் இருந்ததால், உள்ளே அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் லைனிங்கை அரம் வைத்து ராவி மெலிதாக்கினேன். புது டிரம்களை விற்க மனம் வரவில்லை. அவன் சுமந்து வந்தவை அல்லவா. சாக்கோடு பரண்மேல் போட்டுவைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். வேதா ஏறி உட்கார்ந்து முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீ எறங்கும்மா," என்றேன். "மொதல்ல மாப்ள ஓட்டிப் பாக்கட்டும்."

"ஏரிக்கரை வரைக்கும்தாண்ணா."

"சொன்னா கேளு."

நானே கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினேன். அவள்மேல் ஒரு கீறல் விழ விட்டதில்லை, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தசரதன் மட்டும் போனான். கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஏரிக்கரை வளைவில் புளியமரத்தில் மோதினான். ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இல்லை. பெரிய என்ஜின், சின்ன வயசு, வேகமாகப் போயிருக்கிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதி முடித்தார்கள். அவனைத் தூக்கி வெளியே எடுத்தது நான்தான். அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு அவனைப் பிடிக்கும்.

வேதா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு வருஷம். பேச்சுதான் கம்மியாகிவிட்டது. சமைப்பாள், எனக்குப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ராஜமாணிக்கம் என்று ஒரு வாத்தியார் அவளைப் பெண் கேட்டு வந்தார். அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மனசு கஷ்டப்படும்.

நேற்றுக் காலை பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தச் சாக்கு அவள் கையில் கிடைத்தது. சாக்கின்மேல் தசரதன் கையெழுத்தில் 'வேதா வண்டி பிரேக்' என்று எழுதியிருந்தது. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இத ஏண்ணா போடல?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "நீ தூரமா போயிடுவியேன்னு இருந்துச்சும்மா," என்றேன்.

அவள் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"வாரா வாரம் வந்திருப்போமேண்ணா," என்றாள்.

பிறகு இரண்டு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டாள். "ஸ்டேஷனுக்குப் போய் நீயே சொல்லிடு," என்று சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மாமியார் கன்னியம்மாளிடம் போகும் பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அதனால்தான் வந்தேன்.

தசரதனைக் கொன்றது நான். தெரிந்தே, நிதானமாக, பதினெட்டு நாளில் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விசாரிக்கக் கீழ்பென்னாத்தூருக்கு ஆள் அனுப்புவீர்கள். அப்போது வேதாவை வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?