மூன்றாம் பாகத்தின் எதிர்ப்பக்கம்

மனித குலத்தின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கப்போகும் கேள்வி ஒன்றை இச்சபையின் முன் வைக்கிறேன்: ‘இடிக்கை’ என்ற சண்டை வீடியோ கேமில் சிறந்தது இரண்டாம் பாகமா, மூன்றாம் பாகமா?

சிரிக்காதீர்கள். போர்வைக்குள் காலை இழுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர். இரவு ஒன்பதே முக்கால். ஜப்பானின் குன்மா மலைப்பாதையில் ஒரே ஒரு கார்... ஓட்டியவன் டோரிகோயே. இதோ உட்கார்ந்திருக்கும் நாகுமோவின் மச்சான். வயது நாற்பத்தெட்டு. தொண்ணூற்றேழில் ஒரு கேம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான்: ‘மூன்றாம் பாகம் குப்பை. செய்தவர் வேறு வேலை பார்க்கட்டும்.’ நாடே படித்துச் சிரித்தது. செய்தவர் பெயர் ஹச்சியா. வேலையை விட்டார். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. டோரிகோயே தன் வாழ்க்கையில் சாதித்தது அந்த ஒரு கடிதம்தான். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

இப்போது எல்லாப் பாகங்களையும் மறுபடி ஆடி, வலைத்தளத்தில் தீர்ப்பு வழங்குகிறான். மூன்றாவது மட்டும் பாக்கி. காசு போட்டு ஆடும் அதன் பழைய இயந்திரம் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியின் நிலவறையில் கிடந்தது.

“சுவிட்சைப் போட்டா ஓடுங்க. ஆனா யாரும் தொடுறதில்ல,” என்றாள் விடுதிக்காரி. “இன்னிக்கு தங்கறதே நீங்க ஒருத்தர்தான்.”

கந்தக வாடை. குழாய்க்குள் ‘க்ளக்... க்ளக்’. முதுகோடு முதுகாக, இணைத்து வைத்த இரண்டு இயந்திரங்கள்; எதிராளி அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுவார். இந்தப் பக்கம் உட்கார்ந்து காசு போட்டான்.

மூன்றாவது நிமிடம்... திரையில் எழுத்து: ‘புதிய எதிராளி’.

எழுந்து போய் எதிராளியின் முகத்தைப் பார்ப்பது ஆட்டக் கூடங்களில் அநாகரிகம். அவன் பார்க்கவில்லை. ஆடினான். தோற்றான். மறுபடி தோற்றான். வந்து விழுந்த அடிகள் எதையும் இருபத்தேழு வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஒவ்வொன்றும்... அத்தனை அழகு. செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய அழகு.

பத்தாவது தோல்வியில் புரிந்துவிட்டது. மூன்றாம் பாகம்தான் சிறந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி எழுதினால் கடிதம் பொய். ஒரு மனிதர் வீணாகச் செத்தார் என்று ஆகிவிடும்.

“யாருங்க அது?”

பொத்தான் சத்தம் நின்றது.

சுற்றிப் போய்ப் பார்த்தான். இருக்கை இல்லை. கைப்பிடி இல்லை. பொத்தான்கள் இருந்த ஓட்டைகளில் தூசி... கலையாத தூசி.

இரவோடிரவாக வீட்டுக்கு ஓடி வந்தான். எழுதினான்: ‘மூன்றாம் பாகம் இன்றும் குப்பையே.’

“என் மச்சான் நேர்ல பொய் சொல்ல மாட்டான்டா,” என்கிறான் நாகுமோ. “எழுத்துலதான் சொல்வான்.”

அன்றிலிருந்து டோரிகோயே டி.வி.யைப் போட்டால், பின்சுவருக்கு அந்தப் புறம் யாரோ பொத்தான்களைத் தட்டுகிறார்கள். தட்... தடதட். பிறகு நிறுத்திவிட்டு, காத்திருக்கிறார்கள். வீடு ஐந்தாம் மாடி. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் காற்று.

வலைத்தளத்தில் அந்தக் கட்டுரையை இதுவரை பதினொரு பேர்தான் படித்திருக்கிறார்கள்.